ஐம்பத்தேழு சதவீத ஜின்

1

ஊர்க்காரர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடுத்த முறை நான் வரும்போது யாரும் என்னிடம் பாட்டில் கேட்காதீர்கள். சாக்லேட் கேளுங்கள், வலிநிவாரணித் தைலம் கேளுங்கள், பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் கேளுங்கள். பாட்டில் கிடையாது.

பன்னிரண்டு வருடமாக இங்கிலாந்தின் வடக்கே ஜின் என்ற சாராயம் காய்ச்சும் ஒரு சிறிய வடிசாலையில் வேலை செய்கிறேன். இது தெரிந்த நாளிலிருந்து ஊரிலிருந்து எனக்கு வரும் போன்களில் பாதி, நலம் விசாரித்து முடிந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு பாட்டிலில் வந்து நிற்கின்றன. மீதிப் பாதி, ஒரு பொம்பளைக்குப் போயும் போயும் இந்த வேலைதான் கிடைத்ததா என்று கேட்கின்றன. இரண்டையும் ஒரே ஆள் ஒரே போனில் கேட்டதும் உண்டு. அந்த ஆள் என் அண்ணன் மாதையன்.

அண்ணன் என்னிடம் பேச்சை நிறுத்தி இந்த மாதத்தோடு ஒரு வருடம் ஆகிறது. என்ன நடந்தது என்று காரிமங்கலம் பக்கம் ஒரு கதை உலவுகிறது. வெளிநாட்டில் வசதியாக இருக்கும் தங்கச்சி, அண்ணன் உழுது பிழைக்கும் நாலு ஏக்கரில் பங்கு கேட்டு மல்லுக்கு நின்றாள் என்பது அந்தக் கதை. அதை நான் ஒரு வருடம் மறுக்காமல் இருந்தேன். இப்போது எழுத எனக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

2

தர்மபுரியில் வேதியியல் பட்டம் படித்தவள் நான். கல்யாணமாகி, பஸ் ஓட்டும் என் கணவர் வேலுவோடு இங்கே வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. முதலில் முதியோர் இல்லத்தில் படுக்கை விரித்தேன். பிறகு இந்த வடிசாலையில் பாட்டிலுக்கு லேபிள் ஒட்டும் வேலை கிடைத்தது.

சேர்ந்த இரண்டாம் நாள், வடிகலத்தைப் பார்த்துக்கொள்ளும் கிழவர் ஒருவர் என் கையிலிருந்த பாட்டிலைக் காட்டி, "ப்ரூஃப் என்ன?" என்று கேட்டார். நான் ஓடிப்போய்ப் பையிலிருந்து பாஸ்போர்ட், விசா அட்டை, வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றையும் எடுத்துவந்து அவர் முன்னால் பரப்பினேன். நம் ஊரில் ப்ரூஃப் என்றால் வேறென்ன? அவர் கேட்டது சாராயத்தின் பலத்தை. அந்தக் கதையை இன்றும் கிறிஸ்துமஸ் விருந்தில் யாராவது சொல்கிறார்கள். எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும் சிரிப்பதாக அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள்.

அந்த நாட்களில் எனக்கு அந்த அட்டைகள்தான் உயிர். அட்டை இல்லாதவள் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று குளியலறைக்குப் போகும்போதுகூடப் பையைத் தூக்கிக்கொண்டு போன காலம் அது. அதை அந்தக் கிழவருக்கு யார் விளக்குவது?

ஒருநாள் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தபோது, அன்றைய ஜின்னில் கொத்தமல்லி விதை பழசு என்று சொன்னேன். யாரும் நம்பவில்லை. மூட்டையைத் திறந்து பார்த்தார்கள். விதையில் பூஞ்சை பிடித்திருந்தது. மறுவாரம் என்னை மேலே சோதனை அறைக்கு மாற்றினார்கள். அன்றிலிருந்து என் மூக்குதான் எனக்குச் சோறு போடுகிறது.

காலை ஏழு மணிக்கு வேலை தொடங்கும். பன்னிரண்டு கண்ணாடிக் குவளைகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றையும் முகர்ந்து, நாக்கில் ஒரு சொட்டு வைத்து, துப்பிவிட்டு, எழுத வேண்டும். அதற்காக வாரநாட்களில் எங்கள் வீட்டில் பூண்டு கிடையாது, ரசம் கிடையாது, ஊதுபத்தி கிடையாது. பதினேழு வயதான என் மகள் யாழினி, "உன் மூக்குக்காக நாங்கள் எல்லோரும் வாசனையில்லாமல் வாழ்கிறோம்" என்று ஆங்கிலத்தில் சொல்வாள். அவள் எதையும் ஆங்கிலத்தில்தான் சொல்வாள். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில். ஆங்கிலத்தில் கேட்டால் பதிலே இல்லை.

3

சென்ற வருடம் எங்கள் மேலாளர் ஹெலனுக்குப் புதிதாக ஒரு யோசனை வந்தது. ஐம்பத்தேழு சதவீதச் சாராயம் கொண்ட ஜின். சாதாரண ஜின் நாற்பதைச் சுற்றி இருக்கும். இது தொண்டையில் நெருப்பாக இறங்கும் வகை. அதில் எல்லா ஜின்னிலும் போடுகிற ஜூனிப்பர் காயோடும் கொத்தமல்லி விதையோடும் கறிவேப்பிலையும் சேர்ப்பது என்று முடிவாயிற்று. ஏனென்றால் அலுவலகத்தில் நான் ஒருத்தி இருக்கிறேனாம். "இது உன் ஊரின் சமையலறை" என்றாள் ஹெலன், என் கையைப் பிடித்துக்கொண்டு. என் ஊரின் சமையலறையில் எந்தக் காலத்திலும் ஜின் காய்ச்சியதில்லை என்று சொன்னேன். அதையும் நகைச்சுவையாக எடுத்துக்கொண்டாள்.

அந்த ஜின்னில் ஒரு குறை இருந்தது. முகர்ந்தால் முதலில் எல்லாம் சரியாக வரும். கடைசியில் அடியிலிருந்து ஒரு மக்கிய வாடை எழும். ஈரம் பட்ட அட்டைப்பெட்டி என்றார் ஒருவர். குழாய்தான் காரணம் என்றார் இன்னொருவர். மூன்று வாரம் ஆறு பேர் சண்டை போட்டோம். எனக்கும் பிடிபடவில்லை. கடைசியில் ஹெலன் ஆளுக்கு இரண்டு பாட்டிலும் ஒரு படிவமும் கொடுத்து, வீட்டில் வைத்து நிதானமாகக் குடித்துப் பார்த்து எழுதி வாருங்கள் என்றாள்.

அதே வாரம் அண்ணன் கூப்பிட்டான்.

அப்பா இறந்து ஆறு வருடம், அம்மா இறந்து மூன்று வருடம். நாலு ஏக்கர் மாந்தோப்பும் ரோட்டோரம் அப்பா கட்டிய வீடும் எங்கள் இரண்டு பேர் பேரிலும் கூட்டுப் பட்டாவாக இருந்தன. நான் அதைப் பற்றி நினைத்ததுகூட இல்லை.

"பட்டா ஒரே பேர்ல இருந்தாத்தான் சொட்டுநீர் மானியம் கெடைக்குமாம் தவமணி. நீ வந்து, உன் பங்க எனக்கு வுட்டுக் குடுக்கறதா ஒரு விடுதலைப் பத்திரம் எழுதிக் குடுத்துரு. ஒரு கையெழுத்து, ஒரு ரேகை, அவ்வளவுதான்."

"சரிங்கண்ணா, வர்றன்."

"வரும்போது உங்க கம்பெனி சரக்கு ஒண்ணு எடுத்துக்கிட்டு வா. இங்க எல்லாரும் கேக்கறாங்க. என் தங்கச்சி சாராயம் காய்ச்சறான்னு சொல்லவே நாக்கு கூசுது. அந்தக் கருமத்தையாவது கண்ல காட்டு."

யாழினியை உடன் வரச் சொன்னேன். பரீட்சை என்றாள். அங்கே யாரோடு பேசுவது என்றும் கேட்டாள். நான் தனியாகக் கிளம்பினேன். இரண்டு பாட்டிலில் ஒன்றைத் துண்டில் சுற்றிப் பெட்டியில் வைத்தேன். படிவத்தையும் மடித்து வைத்துக்கொண்டேன். எங்கே குடித்தாலும் வீடு வீடுதானே?

4

ஞாயிற்றுக்கிழமை மதியம். கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு அண்ணனும் அவனோடு சின்னசாமி என்ற ஒருவரும் உட்கார்ந்திருந்தார்கள். சின்னசாமி நிலம் வாங்கி விற்கும் புரோக்கர். எதற்காக அவர் வந்திருக்கிறார் என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அண்ணி பச்சியம்மாள் அடுப்பங்கரையில் ஆட்டு ஈரல் வறுத்துக்கொண்டிருந்தார்.

பாட்டிலைத் திறந்து ஆளுக்கு ஒரு கண்ணாடித் தம்ளரில் அடியில் நிற்கும்படி கொஞ்சமாக ஊற்றினேன்.

"இதே அளவு தண்ணி ஊத்தி, மொதல்ல மோந்து பாருங்க. அப்பறம் மெதுவாக் குடிங்க. நீங்க குடிக்கற பிராந்தி மாதிரி இல்லீங்க இது. ரொம்பக் காட்டம்."

அண்ணன் தம்ளரைத் தூக்கிச் சின்னசாமியிடம் காட்டினான். "என்னாங்க இது, பேதி மருந்தா? சங்குல ஊத்தற மாதிரி ஊத்தறா."

பாட்டிலை என் கையிலிருந்து வாங்கித் தம்ளரில் பாதி நிரப்பினான். தண்ணீர் பாக்கெட்டைப் பல்லால் கடித்துப் பீய்ச்சினான். தெளிவாக இருந்த ஜின் சட்டென்று அரிசி கழுவிய தண்ணீர் போலக் கலங்கியது.

"ஏய், இதென்னா இப்படித் திரியுது?"

"அது ஒண்ணுமில்லீங்க. காயி, விதையெல்லாத்துல இருந்தும் எறங்குன எண்ணெய் இருக்குது. சாராயம் கெட்டியா இருக்கறப்ப அது கரைஞ்சு நிக்கும். தண்ணி சேந்ததும் பிரிஞ்சு வெளிய வருது. நல்ல சரக்குன்னாத்தான் இப்படி ஆவும்."

"மேடம், ஏர்போர்ட்ல பாட்டிலை மாத்திட்டானுங்களோ?" என்றார் சின்னசாமி, மரியாதையாக.

"மாத்தல்லாம் இல்ல. இவளுங்க காய்ச்சறதே டூப்ளிகேட்டு" என்றான் அண்ணன். ஒரே மடக்கில் குடித்தான். முகம் கோணியது. "தூ! தைலத்தைக் கரைச்சுக் குடிக்கற மாதிரி இருக்குது. இத போயி காசு குடுத்து வாங்கறானுங்களா வெள்ளக்காரனுங்க?"

சொல்லிக்கொண்டே மறுபடியும் ஊற்றினான்.

நான் என் தம்ளரை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனேன். என் வேலை அது. முதலில் ஜூனிப்பர், சாம்பிராணிப் பிசினை நசுக்கியது போல. பிறகு எலுமிச்சைத் தோல். அதன் பின்னால் கொத்தமல்லி, சூடாக, இடித்தவுடன் வரும் மணம். நாக்கில் வைத்ததும் ஓரங்கள் மரத்துப்போய், மெதுவாக இனிப்பு திரும்பிவந்தது. நல்ல ஜின். நான் பெருமைப்படக்கூடிய ஜின். கடைசியில் அந்த மக்கிய வாடை. அங்கேயும் அப்படியே இருந்தது.

இதை அண்ணன் ஒரு நிமிடம் முகர்ந்து பார்த்திருக்கலாம். பிடிக்கவில்லை என்று சொல்லியிருந்தால்கூட எனக்குப் போதும். இத்தனை வருடத்தில் என் வேலையில் ஒரு துண்டை முதல்முறையாக அவன் கையில் கொடுத்திருந்தேன்.

"அண்ணா, போதுங்க. உங்க பிராந்தி மூணு ரவுண்டுன்னா இதுல ரெண்டே ஏறிரும்."

"எனக்கு அளவு சொல்ல வந்துட்டா. முப்பது வருஷமாக் குடிக்கறன்."

மூன்றாவது தம்ளருக்குப் பிறகு அவன் நாக்கு தடித்தது. கண் சுருங்கியது. திடீரென்று பாசம் வந்தது.

"தவமணி, நீ நாளைக்கு கையெழுத்துப் போட்டுரு. அப்பறம் பாரு. புதங்கெழம ஜேசிபி வருது. ஒரு மரம் நிக்காது. நம்ம தோப்பு லேஅவுட்டு. பேரு என்னா வெக்கறன் தெரியுமா? நம்ம அப்பன் பேரு."

சின்னசாமி நாற்காலியில் நெளிந்தார். "அண்ணா, அதெல்லாம் அப்பறம் பேசிக்கலாம்."

"சொட்டுநீர் மானியம்னு சொன்னீங்களே?" என்றேன்.

"மரமே இல்லங்கறன். சொட்டுநீர் எதுக்குப் புள்ள?" அண்ணன் தொடையில் தட்டிச் சிரித்தான்.

"வூடு?"

"வூடும் சேத்துத்தான். ரோட்டோரம் வூடு நின்னா லேஅவுட்டுக்கு எங்கருந்து வழி வுடறது? கேளு, சின்னசாமியக் கேளு. நான் தர்மபுரியில பார்ட்னரா ஆபீஸ் போட்டு ஒக்காந்துருவன்."

"அண்ணி எங்க இருப்பாங்க?"

"அவளுக்கென்னா? பொம்மிடியில பொண்ணு வூட்ல ஒரு மூலையில கெடப்பா."

ஈரல் தட்டோடு அண்ணி கதவருகே நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. தட்டை ஸ்டூலின் மேல் வைத்தார். திரும்பி உள்ளே போனார்.

5

நாலு மணிக்கு அண்ணன் கட்டிலில் வாயைப் பிளந்துகொண்டு தூங்கினான். சின்னசாமி எப்போதோ போய்விட்டார். பின்கட்டில் குழாயடியில் அண்ணி தம்ளர்களைக் கழுவ உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

அண்ணி ஒரு தம்ளரை எடுத்தார். கழுவாமல் மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார். ஒருமுறை இழுத்தார். கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொரு முறை. சோதனை அறையில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது அதைத்தான், இரண்டு மூச்சுக்கு நடுவே மூக்கை ஓய விட வேண்டும் என்று.

"இதுல கருவேப்பிலை போட்டிருக்குதா?"

"ஆமாங்கண்ணி."

"காஞ்சது போட்டிருக்கறாங்க. காஞ்ச கருவேப்பிலையை ஊறவெச்சா கடைசில வைக்கோல் நாத்தம் அடிக்கும். அதே நாத்தம். மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்குது."

ஆறு பேர் மூன்று வாரம் சண்டை போட்டது இந்த வாடைக்காகத்தான். எங்களுக்கு வரும் கறிவேப்பிலை காய்ந்து நொறுங்கிப் பொட்டலத்தில் வரும். அதைக் கறிவேப்பிலை என்று நான்கூட ஏற்றுக்கொண்டிருந்தேன்.

"எப்படிண்ணி கண்டுபுடிச்சீங்க? எனக்குச் சம்பளம் குடுக்கறதே இந்த மூக்குக்குத்தான். எனக்குத் தெரியலையே."

"பழக்கந்தான். இருபத்தேழு வருஷம் ஆவுதில்ல. உங்கண்ணன் வாசப்படிகிட்ட வர்றப்பவே காத்துல தெரிஞ்சுரும். எத்தினி குடிச்சிருக்குது, எதக் கலந்து குடிச்சிருக்குது, இன்னிக்கி அடி வுழுமா வுழாதா, எல்லாந்தான்."

சாதாரணமாகச் சொன்னார், மழை வருமா வராதா என்று சொல்வது போல. தம்ளரில் சாம்பலைப் போட்டுத் தேய்த்தார்.

"ஏன் தவமணி, இத வாங்கிக் குடிக்கறவங்களோட பொண்டாட்டிங்க எப்படி இருப்பாங்க?"

"அங்க கொஞ்சமாத்தான் குடிப்பாங்கண்ணி" என்றேன். எங்கள் தெருவில் மூன்றாவது வீட்டுப் பெண் வெயிலே இல்லாத நாட்களில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு போவது எனக்கு நினைவு வந்தது. அண்ணி என் முகத்தைப் பார்த்தார்.

தம்ளர்களைக் கவிழ்த்து வைத்துவிட்டு, குரலை இறக்கிக்கொண்டு சொன்னார்:

"நாளைக்கு நீ கையெழுத்துப் போடாத."

"நீங்க சொன்னீங்கன்னு..."

"நான் சொன்னன்னு தெரிஞ்சா என்னைய உசுரோட வெக்காது. நீயா கேக்கற மாதிரி இருக்கணும். பங்கு வேணும்னு சொல்லு. உம்பேரு பட்டாவுல இருக்கற வரைக்கும் எந்தப் புரோக்கரும் கிட்ட வரமாட்டான். இந்த வூடு நிக்கும்."

"ஊர்ல என்னைய என்ன சொல்லுவாங்கண்ணி?"

"சொல்லுவாங்க. காறித் துப்புவாங்க. அதனால என்னா? நீ ஏரோப்ளேன் ஏறிப் போயிருவ. நாந்தான் இங்க கெடக்கணும்."

இத்தனை வருடமாக என்னிடம் யாரும் இவ்வளவு நேராகப் பேசியதில்லை. எனக்குக் கோபம் வந்தது. அண்ணி மேல் அல்ல. அவர் சொன்னதில் மறுக்க எதுவும் இல்லை என்பதன் மேல்.

6

மறுநாள் பதினோரு மணிக்குப் பத்திர எழுத்தர் கடையில் உட்கார்ந்திருந்தோம். அண்ணன் சலவைச் சட்டை போட்டிருந்தான். தலைவலி முகத்தில் தெரிந்தது. எழுத்தர் என் காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"வாரிசுச் சான்றிதழ்ல தவமணி, தகப்பனார் சென்னப்பன்னு இருக்குதுங்க. பாஸ்போர்ட்ல தவமணி வேலுன்னு இருக்குது. ரெண்டு பேரும் ஒரே ஆள்தான்னு ஒரு உறுதிமொழிப் பத்திரம் வேணும்."

"அதெல்லாம் அடிச்சு ரெடியா வெச்சிருக்கறன்" என்றான் அண்ணன். உறையிலிருந்து எடுத்தான். என் பெயர், அப்பா பெயர், கணவர் பெயர், வெளிநாட்டு விலாசம் எல்லாம் பிழையில்லாமல் இருந்தன. என் பிறந்தநாளை அவன் ஒரு வருடம்கூட நினைவு வைத்ததில்லை. அந்தக் காகிதத்தில் அதுவும் சரியாக இருந்தது.

"இங்க ஒரு கையெழுத்துங்க. இந்தப் பக்கம் பெருவிரல் ரேகை."

மைப்பெட்டியை என் பக்கம் நகர்த்தினார். நான் கையை மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

"எனக்குப் பங்கு வேணும்" என்றேன்.

"என்னாது?"

"அப்பா சொத்துல பாதி எனக்கு வேணும். கையெழுத்துப் போடமாட்டன்."

எழுத்தர் மைப்பெட்டியை மூடினார். அவருக்கு இது பழக்கம் போலிருக்கிறது. கடைக்கு வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அண்ணன் எழுந்து நின்றான். "நேத்து வரைக்கும் சரிங்கண்ணா சரிங்கண்ணான்னு சொன்னியேடி. சாராயம் காய்ச்சிப் பொழைக்கறவளுக்கு எங்கப்பன் மண்ணு கேக்குதா?"

"உனக்கு மட்டுந்தான் அப்பனா?"

நீங்க போய் நீ வந்திருந்தது. என் வாயில் அது வந்த வேகத்தில் எனக்கே தெரிந்தது, இதெல்லாம் நடிப்பு இல்லை என்று. அண்ணிக்காக ஆரம்பித்தேன். இரண்டாவது வார்த்தையிலேயே அது என் சொந்தச் சண்டையாகிவிட்டது. அம்மா படுத்தபோது எனக்குச் சொல்லாமல் இருந்தது, என் கல்யாணத்தில் அவன் பந்தியில் செய்த ரகளை, நான் அனுப்பிய சட்டையைச் சாராயக் காசு என்று வேலையாளுக்குக் கொடுத்தது, எல்லாம் வந்தன. அவனும் விடவில்லை. நான் வேலை செய்யும் இடத்தில் என்னென்ன நடக்கும் என்று ஊர் நடுவே சொல்லக்கூடாததையெல்லாம் சொன்னான். கடைசியில், "இன்னியோட நீ எனக்குச் செத்துட்ட" என்று உறையைத் தூக்கிக்கொண்டு போனான்.

பெட்டியை எடுக்க நான் மட்டும் வீட்டுக்கு வந்தேன். செய்தி எனக்கு முன்னால் வந்திருந்தது. அக்கம்பக்கத்தார் வாசலில் நின்றார்கள். பெட்டியை வெளியே தூக்கி வைத்துவிட்டு அண்ணி இடுப்பில் கை வைத்து நின்றார்.

"வந்துட்டியா? ஏரோப்ளேன்ல வந்து எறங்கி, ரெண்டு நாளு ஒக்காந்து தின்னுட்டு, எங்க வாயில மண்ணள்ளிப் போட வந்தியா? உங்கம்மா படுத்த படுக்கையா கெடந்தப்ப பீ மூத்தரம் அள்ளுனது நானா, நீயா? அப்ப எங்கடி போயிருந்த பங்குக்காரி?"

முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அவர் கண்ணில் நான் ஏதாவது ஒரு சைகையைத் தேடினேன். எதுவும் கிடைக்கவில்லை. அதில் எவ்வளவு ஊருக்காகச் சொன்னது, எவ்வளவு எனக்காகவே சொன்னது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. பெட்டியை இழுத்துக்கொண்டு தர்மபுரி பஸ் ஏறினேன்.

7

திரும்பி வந்து ஹெலனின் படிவத்தில் ஒரே வரி எழுதினேன்: காய்ந்த கறிவேப்பிலை, பச்சையாகப் போடவும். பச்சையாகப் போட்டார்கள். வாடை போய்விட்டது. எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டாள். என் அண்ணி கண்டுபிடித்தார் என்றேன். எப்படி என்றும் சொன்னேன். அவள் கண் கலங்கி, "என்ன அருமையான கதை, இதை லேபிளில் போடலாமா?" என்றாள். கூடாது என்றேன். நான் சொன்ன விதத்தில் அவள் ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை. நிம்மதியாக இருந்தது.

குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை நீக்கினார்கள். வெளிநாட்டுத் திமிர் என்று சித்தப்பா ஒரு குரல்பதிவு அனுப்பினார். ஏரியூரில் இருக்கும் என் பள்ளித் தோழிகூட, உனக்கு எதுக்குடி அந்த நாலு ஏக்கரு என்று கேட்டாள். நான் ஒருவருக்கும் பதில் சொல்லவில்லை. சின்னசாமி இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு தோப்புக்குப் போய்விட்டார்.

அண்ணி மாதம் ஒருமுறை, பொம்மிடியில் இருக்கும் மகள் மஞ்சுளாவின் போனிலிருந்து கூப்பிடுவார். முதல் போனில் நான் கேட்டது ஒன்றுதான்.

"அடிச்சாரா?"

"எப்பவும்போலத்தான். நீ சொன்னதுக்குன்னு தனியா இல்ல."

நான் போடாத கையெழுத்து ஒரு வீட்டைத்தான் நிறுத்தியது. அதற்குள் நடப்பதை நிறுத்தவில்லை. தனியே வந்துவிடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பலமுறை சொல்லிவிட்டேன். "என் வூட்ட வுட்டு நான் எதுக்குப் போவணும்? போறதுன்னா உங்கண்ணன் போவட்டும்" என்கிறார். போன மாதம், இதையெல்லாம் எழுதட்டுமா என்று கேட்டேன். சிரித்தார். "எழுது. உங்கண்ணன் எதப் படிச்சிருக்குது இதப் படிக்க?"

வேலை அப்படியே போகிறது. காலை ஏழு மணி, பன்னிரண்டு குவளைகள். ஆனால் ஒவ்வொன்றையும் துப்பும்போது, இது போய்ச் சேரும் வீட்டில் யார் காற்றை முகர்ந்துகொண்டு நிற்கிறார்கள் என்று தோன்றிவிடுகிறது. வேறு வேலைக்கு இரண்டு இடத்தில் விண்ணப்பம் போட்டிருக்கிறேன். ஒரு தேயிலைக் கம்பெனி, ஒரு சோப்புக் கம்பெனி. இரண்டும் இதுவரை வாய் திறக்கவில்லை.

சென்ற ஞாயிற்றுக்கிழமை மஞ்சுளா எனக்கு ஓர் அழைப்பிதழை அனுப்பினாள். முதல் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்திருக்கிறாள், ஆண் குழந்தை. பெயர் சூட்டு விழா. அண்ணனுக்குத் தெரியாமல் அனுப்பியிருப்பாள். உறவினர்கள் வரிசையில் சித்தப்பாக்கள், பெரியம்மாக்கள், ஊர்ப் பெரியவர்கள் என்று இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். மஞ்சுளாவின் அத்தை என்று என் பெயரைப் போட வேண்டிய இடத்தில் வேறு யாரோ ஒன்றுவிட்ட அத்தையின் பெயர்.

யாழினி பின்னால் வந்து எட்டிப் பார்த்தாள். எதற்கும் நிற்காதவள் அன்றைக்கு ஏனோ நின்றாள். சின்ன வயதில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்த எழுத்துகளை விரலால் தொட்டுத் தொட்டுக் கூட்டினாள். கீழிருந்து மேலே தேடினாள்.

"உன் பேர் எங்கே?" என்றாள், ஆங்கிலத்தில்.

"போடல."

"ஏன்?"

"சொல்றன். நீ மொதல்ல படி."

அவள் கடைசி வரிக்குப் போனாள். வி-ழா ந-டை-பெ-று-ம் இ-ட-ம். அடுத்த இரண்டு சொல்லில் திணறி, மூன்றாம் முறை சேர்த்துவிட்டாள்.

"எங்கள் இல்லம்." நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அபூர்வமாகத் தமிழில் கேட்டாள். "யாரோட வீடும்மா?"

"உன் பச்சியம்மா அத்தையோடது" என்றேன்.